வகுப்பறையை விட்டுவிட்டு வகுப்பறையை ஆராயப் போகலாமா?

கடிதச் சுருக்கம்

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறார் இந்த வாசகி. வயது 34. நான்காம் வகுப்பு, 41 பிள்ளைகள். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறார். கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், சின்ன வயதில் ஒரு மகள்.

வகுப்பில் ஒரு பையனால் பாடமே நடத்த முடியவில்லை என்கிறார். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் போதும், எழுந்துவிடுவான், பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், ஓடுவான், அவனோடு நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்கள். படித்த உளவியலைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று நட்சத்திர அட்டை ஒன்று செய்து மாட்டியிருக்கிறார். முதல் 10 நாள் வகுப்பே மாறிவிட்டதாம். அரையாண்டுத் தேர்வு வந்து போனபின் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அந்தப் பையன் ஒருநாள் கிழித்தே போட்டுவிட்டான். "டி.சி. கொடுத்து அனுப்பிடலாம்" என்கிறார் தலைமையாசிரியர். "ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்கிறார் மூத்த ஆசிரியை. யூடியூபில் பார்த்த கேள்விப் பட்டியலை வைத்து, பையனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை) என்று இவரே முடிவுக்கு வந்து, அம்மாவை அழைத்துச் சொல்லியிருக்கிறார். "எம்புள்ளைய பைத்தியம்னு சொல்றீங்களா" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

இதற்கிடையில், வகுப்பறை ஆய்வுகள் செய்யும் அமெரிக்கப் பள்ளி உளவியல் பேராசிரியர் ஒருவரின் உரையைக் கேட்டு, "இதுதான் என் வாழ்க்கை" என்று தோன்றியிருக்கிறது. கேள்விகள் இவை: வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போய் பி.எச்டி. செய்யலாமா? அந்த ஊர் முறைகள் நம் வகுப்புகளுக்கு ஒத்துவருமா? வகுப்பில் போனில் எடுத்த வீடியோக்களை விண்ணப்பத்தோடு சேர்க்கலாமா?

பதில்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் உங்கள் எதிர்காலத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பையனிடமிருந்து தொடங்குகிறேன். பி.எச்டி. அடுத்த ஆண்டும் இருக்கும். டி.சி. திங்கட்கிழமையே கையெழுத்தாகிவிடலாம்.

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பள்ளிகளோடு வேலை செய்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இரண்டு பிரிவுகள் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அது 16ஆம் பிரிவு. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். ஃபெயில் ஆக்குவது பற்றிய விதி மாறியது, வெளியேற்றத் தடை மாறவில்லை. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்துவது என்றால், 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தச் சட்டம் அங்கே செல்லுமா என்ற சிக்கல் வரும். அப்போதும் பிள்ளையை அடித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம்.

வெளியேற்றக் கூடாது என்பதால், பெற்றோரே விரும்பிக் கேட்டதுபோல எழுதி வாங்கிக்கொண்டு டி.சி. கொடுப்பது சில இடங்களில் நடக்கிறது. அப்படி ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். அதே சமயம் தலைமையாசிரியரிடம் போய்ப் பிரிவு எண்ணை எடுத்து நீட்டவும் வேண்டாம். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும், மற்ற பெற்றோர்களின் புகார் இருக்கும். "ஆறு வாரம் அவகாசம் கொடுங்க சார், வாரா வாரம் என்ன மாறியிருக்குன்னு எழுதிக் காட்டறேன்" என்று கேளுங்கள். ஒரு தாளில் கணக்கு வரும் என்றால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் அவகாசம் தருவார்கள்.

நட்சத்திர அட்டை ஏன் படுத்துவிட்டது

"இதெல்லாம் 20 பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குத்தான் சரிவரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதமே அப்படிச் சொல்லவில்லையே. முதல் 10 நாள் 41 பேர் இருந்த வகுப்பில்தானே வேலை செய்தது? அப்புறம் தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு வந்தது, நீங்கள் நட்சத்திரம் ஒட்டுவதை நிறுத்தினீர்கள். மறுபடி தொடங்கியபோது "ஞாபகம் வந்த நாளில்" ஒட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நாளில் நிறுத்திவிட்டு மாத்திரை சரியில்லை என்று சொல்வது போலத்தான் இதுவும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. எங்கள் பள்ளி உளவியல் துறையில் திரும்பத் திரும்ப உறுதியான கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. ஆசிரியருக்கு ஒரு முறையை நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆலோசகர் கிளம்பிவிட்டால், சில நாட்களிலேயே அது தேயத் தொடங்கும். அமெரிக்காவின் லூசியானாவில் ஜோசப் விட், ஜார்ஜ் நோவெல் போன்ற ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இதைத்தான் குடைந்தார்கள். "எப்படிப் போகிறது?" என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதால் பெரிய பலன் இல்லை. முறையின் படிகளில் எத்தனையை ஆசிரியர் உண்மையில் செய்தார் என்பதை ஒரு கோட்டுப்படமாக வரைந்து அவருக்கே காட்டியபோதுதான் அது மீண்டது. அதாவது பிள்ளைக்கு அளவுகோல் வைப்பதற்கு முன்னால் பெரியவர்களுக்கு ஒன்று வைக்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் "நட்சத்திர அட்டை பயனளிக்கவில்லை" என்று எழுதினால் என்னைப் போன்ற ஆள் முதலில் கேட்பது, "எத்தனை நாள் முழுதாகச் செய்தீர்கள்?" என்பதைத்தான்.

இரண்டாவது சிக்கல் தூரம். நாள் முழுக்க ஒழுங்காக இருந்தால் மாலையில் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரு பென்சில். அந்தப் பையனின் கண்ணால் பாருங்கள். காலை 10 மணிக்கு ஒரு தடவை எழுந்துவிட்டால் அன்றைய நட்சத்திரம் போச்சு. மிச்ச நாளெல்லாம் அவன் எதற்கு அடங்கி இருக்க வேண்டும்? இரண்டாம் வாரத்தில் எல்லார் பெயருக்கும் எதிரே வரிசை வரிசையாக நட்சத்திரம், அவன் பெயருக்கு எதிரே வெறும் கட்டம். அந்த அட்டையை அவன் கிழித்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அவன் எப்போது எழுந்து ஓடுகிறான்? எழுதச் சொல்லும்போது. கதை சொன்னால் "வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக மதிப்புள்ள வரி அதுதான். ஓடினால் என்ன ஆகிறது? வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறீர்கள். எழுத்து வேலை தப்பியது. நீங்கள் தண்டனை என்று நினைப்பது அவனுக்குக் கிடைக்கும் விடுதலை. எதற்கு முன்னால் நடந்தது, என்ன செய்தான், பிறகு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி போட்டு ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது பத்தியில் விடை இருக்கும்.

அப்புறம், எழுத்திலிருந்து ஏன் தப்பிக்கப் பார்க்கிறான்? எட்வர்ட் டேலி, விட், மார்ட்டென்ஸ், டூல் ஆகிய நால்வர் 1997இல் எழுதிய கட்டுரையில் ஒரு பிள்ளை பாடத்தில் திணறுவதற்கு ஐந்து எளிய காரணங்களைச் சொல்கிறார்கள். செய்ய விருப்பமில்லை. போதுமான நேரம் பழகவில்லை. போதுமான உதவி கிடைக்கவில்லை. இந்த மாதிரி இதற்குமுன் செய்ததில்லை. அல்லது, வேலை அவனுக்கு ரொம்பக் கடினம். நாம் எல்லாரும் முதல் காரணத்திலேயே நின்றுவிடுகிறோம். சோதிக்க ஒரு வழி: எழுதினால் உடனே அவனுக்குப் பிடித்த ஒன்று உண்டு என்று சொல்லிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக எழுதினால் விருப்பம்தான் பிரச்சினை. அப்போதும் முடியவில்லை என்றால் திறன். திறன் இல்லாத இடத்தில் எத்தனை நட்சத்திரம் ஒட்டினாலும் பிரயோஜனமில்லை, இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து கைபிடித்து ஏற்ற வேண்டும். எண்ணும் எழுத்தும் பயிற்சியில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவது நீங்கள் அறிந்ததுதானே, அவன் எந்த நிலையில் நிற்கிறான் என்று முதலில் பாருங்கள்.

41 பேருக்கும் ஒரு விளையாட்டு

வகுப்பு முழுவதற்குமான ஒரு முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் அவனோடு சேர்ந்துகொள்ளும் நாலைந்து பேரை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகளின் சிரிப்புதான் பல சமயம் ஓட வைக்கிறது.

1969இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரியட் பாரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மாண்ட்ரோஸ் உல்ஃப் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குட் பிஹேவியர் கேம், நன்னடத்தை விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் வகுப்பு, உங்களுடையதைப் போலவே. இடத்தை விட்டு எழுவதும் கத்திப் பேசுவதும்தான் பிரச்சினை. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். விதி மீறினால் அந்த அணியின் பெயருக்குக் கீழே பலகையில் ஒரு கோடு. கோடு குறைவாக உள்ள அணிக்கு வெற்றி. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் இருந்தால் இரண்டு அணியுமே ஜெயிக்கலாம். பரிசு என்று காசு செலவழிக்கவில்லை, மதிய உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது, கொஞ்சம் ஓய்வு நேரம், அவ்வளவுதான். முதலில் கணக்கு வகுப்பில் மட்டும் வைத்தார்கள், அங்கே சத்தம் குறைந்தது, வாசிப்பு வகுப்பில் குறையவில்லை. அப்புறம் வாசிப்பு வகுப்புக்கும் கொண்டுபோனபோது அங்கேயும் குறைந்தது. விளையாட்டால்தான் மாறியது, தற்செயலாக இல்லை என்று நிறுவ அந்த ஏற்பாடு.

இதை வெறும் அடக்கும் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1985-86 கல்வியாண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷெப்பர்ட் கெல்லமும் அவரது குழுவும் பால்டிமோர் நகரத்தின் ஒன்றாம் வகுப்புகளில் இதைப் பெரிய அளவில் நடத்தி, அந்தப் பிள்ளைகளை 19 முதல் 21 வயது வரை பின்தொடர்ந்தார்கள். விளையாடிய வகுப்புகளிலிருந்து வந்த ஆண் பிள்ளைகளில், அதுவும் ஒன்றாம் வகுப்பிலேயே முரட்டுத்தனம் மிகுந்திருந்தவர்களில், போதைப் பழக்கச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. அடுத்த ஆண்டு சேர்ந்த தொகுதியில் பலன் மங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கான பயிற்சியும் மேற்பார்வையும் அந்த ஆண்டு குறைந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் உங்கள் அரையாண்டுத் தேர்வுக் கதைதான்.

நீங்கள் தொடங்குவதானால் எட்டெட்டுப் பேராக ஐந்து அணி போடுங்கள், மிஞ்சுகிற ஒருவரை ஏதாவது ஓர் அணியில் சேர்த்துவிடலாம். நாளுக்கு ஒரே ஒரு 10 நிமிடம், எழுத்து வேலை நேரத்தில் மட்டும். அணிகளை நீங்கள் பிரியுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள். விட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் உட்கார்ந்துகொள்வார்கள், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரியும். கோடு போடும்போது பெயரைச் சொல்லாதீர்கள், "மயில் அணிக்கு ஒன்று" என்றால் போதும். முறைக்காதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். ஒழுங்காக இருக்கும் அணியை நடுநடுவே வாய்விட்டுப் பாராட்டுங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் 1968இல் பார்த்த விஷயம் இது. வகுப்பு விதிகளை எழுதி மாட்டியதால் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைப் பாராட்டத் தொடங்கியபிறகுதான் மாறியது.

ஓர் ஆபத்து உண்டு. "உன்னாலதான்டா தோத்தோம்" என்று வெளியே போய் அவனை மொத்தக்கூடும். முதல் ஆய்விலேயே விளையாட மறுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவன் வேண்டுமென்றே கெடுத்தால் அவனை மட்டும் தனி அணியாக்குங்கள், அணியினர் தண்டனை பெற வேண்டாம். வரம்பை முதல் வாரம் தாராளமாக வையுங்கள், எல்லா அணியும் ஜெயிக்கட்டும். கதை நேரத்தில் இந்த விளையாட்டை வைக்காதீர்கள். தானாகவே விரும்பிச் செய்வதற்குப் பரிசு அறிவித்தால் அந்த விருப்பமே தேயக்கூடும் என்று 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறார்கள். படம் வரையப் பிடித்த பிள்ளைகள் அவர்கள். பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தபிறகு, தாங்களாக வரைவது குறைந்தது.

ஏடிஹெச்டி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எம்.எஸ்சி. உளவியல் படித்தவர் நோயறிதல் சொல்ல முடியாது. இந்தியாவில் அதற்கு மருத்துவரோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரோ வேண்டும். ஏடிஹெச்டி என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், பள்ளியில் மட்டுமில்லாமல் வீடு போன்ற இன்னோர் இடத்திலும் தெரிய வேண்டும். எழுதும்போது மட்டும் ஓடி, கதையை அசையாமல் கேட்கும் பையன் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் வாசிப்புக் குறைபாடு. அதற்கும் முன்னால், கண். பலகையில் உள்ளது அவனுக்குத் தெரிகிறதா? எந்த வரிசையில் உட்காருகிறான்? காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?

உங்கள் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு இதற்கானதுதான். அவர்கள் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள், 18 வயது வரை அங்கே பார்க்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்ற 21 வகைகளில் ஒன்று, தேர்வில் சலுகைகள் கிடைக்கும். ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. எனவே தவறான பெயரை ஒட்டினால் பையன் இழப்பது கொஞ்சநஞ்சமில்லை.

அந்த அம்மாவிடம் மறுபடி பேசுங்கள், இந்த முறை நோயின் பெயர் இல்லாமல். "தம்பி கதைன்னா உயிரா கேட்கிறாங்கம்மா, எழுத உட்கார்ந்தா மட்டும் கஷ்டப்படறாங்க. வீட்ல எப்படி இருக்காங்க? கண்ணு ஒருதடவை பார்த்திடலாமா?" பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே திட்டு விழும் என்று பழகிய தாய்க்கு, மகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையைத் தாண்டி வேறெதுவும் முதல் நாள் காதில் ஏறாது.

போனில் எடுத்த வீடியோ

அவற்றை விண்ணப்பத்தோடு சேர்க்கக் கூடாது. யாருக்கும் அனுப்பவும் கூடாது, அழித்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் எடுத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பையன் அலறி ஓடும் காட்சியை, அவன் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து, உங்கள் படிப்புக்காகக் காட்டுவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவார். ஆய்வு என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், பள்ளியின் அனுமதி வேண்டும், 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை என்றால் வாய்மொழிச் சம்மதம் போதும், ஆனால் அவன் "வேணாம்" என்றால் வேண்டாம்தான். உங்கள் வகுப்பை மேம்படுத்த நோட்டில் கோடு போட்டு எண்ணுவது ஆசிரியர் வேலை, அதற்கு யாரும் ஒப்புதல் கேட்கப்போவதில்லை. அதையே கட்டுரையாக்கி வெளியிட நினைத்தால், தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

நீங்கள் பார்த்த அந்த வேலை

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் மருத்துவ மையத்தைத் தொடங்கியதற்கு மார்கரெட் மகுவயர் என்ற பள்ளி ஆசிரியை ஒரு காரணம். எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு மாணவனை அவர்தான் அழைத்துப் போனார். நன்னடத்தை விளையாட்டில் வரும் மியூரியல் சாண்டர்ஸ் அந்த நான்காம் வகுப்பின் ஆசிரியை. ஆகவே "நான் சாதாரண டீச்சர்தானே" என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் துறையில் ஆசிரியைகள் நோட்டோடுதான் நுழைந்திருக்கிறார்கள்.

பள்ளி உளவியலாளர் என்ற பதவிப் பெயரோடு முதலில் நியமிக்கப்பட்டவர் ஆர்னால்ட் கெசல், 1915இல், கனெக்டிகட் மாநிலத்தில். 1975இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் இவர்கள் தேவைப்பட்டார்கள். பள்ளியில் வேலை பார்க்க பி.எச்டி. தேவையில்லை. முதுகலைக்கும் பி.எச்டி.க்கும் இடைப்பட்ட ஸ்பெஷலிஸ்ட் என்கிற நிலைப் படிப்பு, குறைந்தது 60 கிரெடிட், 1,200 மணி நேர உள்ளகப் பயிற்சி, மூன்று ஆண்டு. அங்கே பள்ளி உளவியலாளர்களில் பெரும்பாலானோர் அவ்வளவுதான் படித்திருக்கிறார்கள். "பி.எச்டி. இல்லாவிட்டால் வீண்" என்ற உங்கள் எண்ணம் சரியில்லை. 500 மாணவருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தேசியச் சங்கத்தின் பரிந்துரை. நடைமுறையில் பல மாநிலங்களில் ஒருவருக்கு 1,000 பேருக்கு மேல். பேராசிரியர் ஆக வேண்டும் என்றால்தான் பி.எச்டி., ஐந்து அல்லது ஆறு ஆண்டு, அதில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அப்புறம் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தால் பணி நிரந்தரத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு போல.

அந்த உரையில் நீங்கள் பார்த்தது ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் என்ன செய்கிறோம் தெரியுமா? நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் நிரப்புகிறோம், நிதிக்கு விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்குகிறோம், மாணவர்கள் எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகளைத் திருத்துகிறோம், பள்ளிக்கு 60 மைல் ஓட்டிப் போனால் அன்று அந்தப் பையன் லீவு. வகுப்பறைகளை ஆராய்பவர் வகுப்பறையில் இருக்கும் நேரம் உங்களுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இந்த வேலை உங்களை ஏமாற்றும். "ஏன் அது வேலை செய்தது, யாருக்குச் செய்யவில்லை" என்று இரவில் தூக்கம் கெடும் ஆள் என்றால் வாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவது ஆள் போலத்தான் தெரிகிறது, ஆனால் அதை நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

என்னென்ன வழிகள்

முதலில், ராஜினாமா வேண்டாம். உதவி பெறும் பள்ளியில் அரசு சம்பளத்தில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் விட்டால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்கள் பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்க பி.எச்டி.க்கு நிதி உதவி கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. அது ஒருவர் சிக்கனமாக வாழப் போதும், மூன்று பேருக்குப் போதாது. மாணவர் விசாவில் போகிறவரின் கணவர் அங்கே வேலை செய்ய முடியாது. மகள் அரசுப் பள்ளியில் படிக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்குப் பெரும்பாலும் முழு நிதி உதவி இருக்காது, வீட்டை அடமானம் வைத்துப் போகும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். திரும்பி வந்தால் என்ன வேலை என்பதையும் யோசியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அமெரிக்காவில் இருப்பதுபோல் பள்ளி உளவியலாளர் பணியிடம் கிடையாது. அந்தப் பட்டம் இங்கே மருத்துவ உளவியலாளர் பதிவாக மாறிவிடாது. வயது ஒரு தடையே இல்லை, அதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வழி பகுதிநேர பி.எச்டி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. முதுகலையில் 55 சதவீதமும் வேலை பார்க்கும் இடத்தின் தடையில்லாச் சான்றும் தேவை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு. 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பி.எச்டி.யைத் தொலைநிலையில் செய்ய முடியாது, அப்படி விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். இடைப்பட்ட வழியாக, என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு ஆசிரியர்களுக்கு நல்லது. ஓராண்டு, ஒரு பகுதி தொலைநிலை, ஒரு பகுதி நேரடி, பிறகு களப் பயிற்சி. நம் பக்கத்துக்கு மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இதில்தான் தொடங்கச் சொல்வேன்.

அதற்கும் முன்னால், வருகிற ஆறு வாரம். எங்கள் துறையில் ஒரே வகுப்பை, ஏன், ஒரே பிள்ளையை வைத்துச் செய்யும் ஆய்வு வடிவம் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிராடோச்வில் போன்றவர்கள் பல ஆண்டுகள் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள். ஆயிரம் பேர் தேவையில்லை. விளையாட்டு தொடங்கும் முன் ஐந்து நாள், எழுத்து நேரத்தின் 10 நிமிடத்தில் எத்தனை தடவை பிள்ளைகள் இடத்தை விட்டு எழுகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அவனுக்கு ஒரு பத்தி, மற்றவர்களுக்கு ஒரு பத்தி. பிறகு 10 நாள் விளையாட்டு. அப்புறம் ஐந்து நாள் நிறுத்துங்கள், கை பரபரத்தாலும் நிறுத்துங்கள். மறுபடி தொடங்குங்கள். விளையாட்டை நிறுத்தும்போது எண்ணிக்கை ஏறி, தொடங்கும்போது இறங்கினால் உங்கள் கையில் ஓர் உண்மையான சான்று இருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சரை வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து தனியாக எண்ணச் சொல்லுங்கள், இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். "ரெண்டு போடு" சொன்ன மூத்த ஆசிரியையே அதற்குப் பொருத்தமானவர் என்று தோன்றுகிறது. விளையாட்டின் படிகளை நீங்கள் முழுதாகச் செய்தீர்களா என்றும் தினமும் ஒரு டிக் போடுங்கள்.

கோட்டுப்படத்தை வரைந்து எனக்கு எழுதுங்கள், பெயர்கள் இல்லாமல். அந்தப் பையன் வராத நாட்களை வேறு நிறத்தில் குறியுங்கள். இல்லையென்றால் அவன் லீவு போட்ட நாள்தான் உங்கள் விளையாட்டின் வெற்றியாகத் தெரியும். அவன் இல்லாத நாளிலும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், டி.சி. கொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும் என்ற கணக்கையும் தலைமையாசிரியர் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.